உயர் தரத்திற் பாடந் தெரிதல்

சாதாரண தரப் பரீட்சைப் பெறுபேறு வந்த மறுநாளே மஸ்கெலியாப் பகுதி லயங்களில் எழும் கேள்வி, "உயர் தரத்துக்கு எந்தப் பாடம் இலகு?" என்பதாகும். பிள்ளையின் மனம் எதில் நாடுகிறது, அப்பாடம் எந்தக் கற்கைநெறிக்கு வழி திறக்கும் என்று கேட்போர் சிலரே. முதற் கேள்வியே பிழையென்பது எமது துணிபு.

பல்கலைக்கழக அனுமதியில் 2001 ஆம் ஆண்டளவில் இசட் புள்ளி முறை புகுத்தப்பட்டது. மாணவன் பெற்ற புள்ளியினின்று, அப்பாடத்துக்குத் தோற்றிய அனைவரதும் சராசரியைக் கழித்து, எஞ்சியதை நியம விலகலால் வகுப்பர். சராசரி எழுபதாயுள்ள பாடத்தில் எழுபது பெற்றவனுக்குக் கிடைப்பது பூச்சியம். சராசரி நாற்பதாயுள்ள பாடத்தில் அறுபது பெற்றவனோ அவனை முந்திச் செல்வான். இலகு யாவர்க்கும் இலகுவாதலின், அதனால் ஒருவர்க்குந் தனிப்பயன் இல்லை.

"வேறொன்றும் வாராதவர்க்குத் தமிழ்" என்று எமது வகுப்புக்கு அனுப்பப்படுவோரையும் ஆண்டுதோறும் காண்கின்றோம். இலக்கணத்தையும் பழஞ்செய்யுளையும் கண்டு அவர்கள் திகைக்கும்போது எமக்கு இரக்கமே மேலிடுகின்றது. தமிழை விரும்பி வருவோரை இருகை நீட்டி வரவேற்போம். மழைக்கு ஒதுங்க வருவோர்க்கு அஃது ஏற்ற கூரையன்று.

நிற்க. தெரிவு என்று யாம் சொல்வது பலருக்குத் தெரிவேயன்று. 1ஏபி தரப் பாடசாலையிலேயே விஞ்ஞானப் பிரிவு உண்டு. 1சி தரத்திற் கலையும் வர்த்தகமுமே. சாமிமலையிலோ நல்லதண்ணியிலோ ஒரு கொழுந்தெடுக்கும் தாயின் மகள் விஞ்ஞானத்தில் 'ஏ' பெற்றாலும், பஸ் கட்டணமும் ஹட்டனில் தங்குஞ் செலவும் அவள் படிக்கும் பாடத்தை முன்னரே தீர்மானித்து விடுகின்றன. மருத்துவம், பொறியியல் முதலியவற்றில் 40 வீத இடங்களே அகில இலங்கைத் திறமை வழி நிரப்பப்படுவன. 55 வீதம் மாவட்டங்களின் சனத்தொகைக்கேற்பப் பங்கிடப்படும். எஞ்சிய 5 வீதம் கல்வியிற் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்குரியது. நுவரெலியா அவற்றுள் ஒன்று. சட்டம் இடம் வைத்துக் காத்திருக்க, நம் தோட்டப் பிள்ளை அதற்கான வகுப்பறை வரையுமே சென்று சேர்வதில்லை.

சென்று சேர்ந்தோரும் அறியாது இடறுவதுண்டு. உயிரியற் பிரிவிற் பௌதிகவியலுக்குப் பதிலாக விவசாய விஞ்ஞானத்தை எடுக்கலாம். அது நல்ல பாடம். விவசாயக் கற்கைநெறியை நாடுவோர்க்குத் தக்கது. ஆயின் மருத்துவத்துக்குப் பௌதிகவியல் இன்றியமையாதது. இதனைப் பரீட்சை எழுதிய பின்னர் அறிவதாற் பயனென்ன? 2013 இல் தொடங்கிய தொழினுட்பப் பிரிவின் பெயரையே கேள்வியுறாத பெற்றோரும் இங்குளர்.

ஆதலின் பழைய மாணவர்களிடம் யாம் வேண்டுவன இரண்டு. உங்களுட் பட்டம் பெற்றோர், பெறுபேறு வரும் வரை காத்திராது, பத்தாந் தரத்திலேயே வந்து பிள்ளைகளோடும் பெற்றோரோடும் பேசுங்கள். எந்தப் பாடம் எக்கதவைத் திறக்கும், எதனை மூடும் என்பதைத் தமிழில் எழுதிக் கொடுங்கள். மற்றையது, விழாவுக்கெனத் திரட்டும் நிதியில் ஒரு பங்கு, விஞ்ஞானம் படிக்க ஹட்டன் செல்லும் பிள்ளைகளின் தங்குமிடச் செலவுக்கு ஒதுக்கப்படுக. வாயில் வளைவு அடுத்த ஆண்டு கட்டப்படலாம்.