கட கட சத்தமும் கல்லாய்ப் போன பிரேக்கும்

அமெரிக்காவில் 1967-69 கமாரோ மாதிரி பழைய மஸில் கார்களை வாங்கி, எஞ்சினில் பெரிய கேம்ஷாஃப்ட் போட்டு ஓட்டுவது பலருக்கு ஒரு பைத்தியம். சிக்னலில் நிற்கும்போது கட கடவென்று குலுங்கும் பாருங்கள், அந்தச் சத்தத்துக்கே ரசிகர்கள் உண்டு. (எனக்கும் பிடிக்கும். என்னிடம் இருப்பது பஸ் பாஸ் மட்டும் என்பது வேறு விஷயம்!)

ஆனால் அந்தச் சத்தம் வந்தாலே பிரேக்குக்கு ஆபத்து என்று அர்த்தம். பவர் பிரேக்கின் பூஸ்டர், எஞ்சின் காற்றை உறிஞ்சும்போது மேனிஃபோல்டில் உண்டாகும் வெற்றிடத்தை வைத்துத்தான் நம் காலுக்கு உதவுகிறது. சாதாரண எஞ்சின் ஐடிலில் சுமார் 18 அங்குல பாதரச அளவு வெற்றிடம் தரும். பெரிய கேமில் இன்டேக், எக்ஸாஸ்ட் வால்வுகள் சேர்ந்து திறந்திருக்கும் நேரம் அதிகம். அதனால் அது 10-க்கும் கீழே இறங்கிவிடலாம். அப்புறம் பெடலை மிதித்தால் கல்லை மிதித்த மாதிரிதான்.

உடனே எல்லோரும் சொல்வது, "ஒரு வெற்றிட டேங்க் மாட்டு". எனக்கு இதில் உடன்பாடில்லை. டேங்க் வெற்றிடத்தை உண்டாக்காது, ஓடும்போது கிடைப்பதைச் சேர்த்து வைக்கும், அவ்வளவுதான். நெரிசலில் ஊர்ந்து போகையில் இரண்டு மூன்று மிதியில் காலி. மின்சார வெற்றிட பம்ப் போடலாம், இல்லையென்றால் பவர் ஸ்டீயரிங் பம்பின் எண்ணெய் அழுத்தத்தில் வேலை செய்யும் ஹைட்ரோபூஸ்ட். செலவு அதிகம்தான். கேமுக்கு மட்டும் கொடுக்கவில்லையா?

பூஸ்டரையே கழற்றி எறிபவர்களும் உண்டு. தப்பில்லை, பெடல் ரேஷியோவை 4:1-லிருந்து 6:1 அளவுக்கு மாற்றி, சிறிய மாஸ்டர் சிலிண்டரும் போட்டால். அதைச் செய்யாதவர்கள் தயவுசெய்து எனக்கு லிஃப்ட் தர வேண்டாம்.