கருவியின் தொகையா, நிற்கும் இடமா?

2025 பெப்ரவரி 20 இல் ஹபரணைக்கு அருகே புகையிரதம் மோதி ஆறு யானைகள் மாண்டன. இத்தகைய அழிவு நேருந்தோறும், "உணர்கருவிகளைப் பெருக்குக" என முழங்குவோர் உளர். அது அறிவியலன்று; கடைக்காரனின் கணக்கு.

நமது பேராதனையையே களமாகக் கொள்வோம். வானொலிப் பட்டி பூண்ட யானையொன்று மகாவலிக் கரையில் நடப்பதாகவும், ஒரு கிலோமீற்றர் தொலைவில் ஹந்தானைச் சரிவில் நிற்கும் இருவர் அதன் திசையை அளப்பதாகவும் கருதுக. ஒருவரின் அளவீடு 5 பாகை பிழைப்பின், திசைக்கோடுகள் செங்கோணத்தில் வெட்டுமிடத்து யானையின் இடம் ஏறத்தாழ 87 மீற்றர் பிழைக்கும். இருவரும் நெருங்கி நின்று, கோடுகள் 20 பாகையில் வெட்டினோ, பிழை 250 மீற்றரைத் தாண்டும். யானை தண்டவாளத்தின்மீது நிற்கின்றதா என்ற வினாவுக்கு இது விடையாகுமா? அதே இடத்திற் பத்துப் பேரைக் குவிப்பினும் கோணத்தின் குறை தீராது.

ஒருவரை எதிரேயுள்ள கன்னொறுவைக் குன்றுக்கு அனுப்பலாமெனின், யானை இருவருக்கும் இடையிலான நேர்கோட்டை அடைந்ததும் இரு கோடுகளும் ஒன்றாகிவிடும், தொலைவு புலப்படாது. ஆகவே நல்லிடம் நிலையானதன்று. யானை நகர நகர, அதன் அடுத்த நிலையை முன்கணித்து அளப்போரும் நகர்தல் வேண்டும்.

"செய்மதிகள் இருக்க இது எதற்கு?" என வினவுவர். செய்மதிகளும் வானிற் பரந்து நின்றாலன்றித் துல்லியம் தாரா. மலைகள் வானை மறைக்கும் பள்ளத்தாக்கில் அவையும் தடுமாறும்.

மாணவ நண்பர்களே, கொள்வனவுப் பட்டியலை எழுதுமுன் கேத்திரகணித நூலைத் திறவுங்கள்.