வினைமுற்று வரும்வரை

தமிழ் வாக்கியத்தில் வினைமுற்று கடைசியில்தான் வருகிறது. யார், எங்கே, எதனால் என்று எல்லாவற்றையும் மனத்தில் சுமந்துகொண்டு, என்ன நடந்தது என்று தெரிய வாசகர் முற்றுப்புள்ளிவரை காத்திருக்க வேண்டும். அதனால் நீண்ட வாக்கியம் நம் மொழியில் கூடுதலாகவே களைப்பூட்டும். இதை நன்றாக அறிந்தவர் சி.பா. ஆதித்தனார். 1942-ல் மதுரையில் அவர் தொடங்கிய 'தந்தி' நாளிதழ், எழுத்துக்கூட்டிப் படிப்பவரையும் வாசகராக்கியது. டீக்கடையில் ஒருவர் உரக்கப் படிப்பார், நாலு பேர் கேட்பார்கள். காதில் விழுந்தாலே சேதி புரிந்துவிடும். மக்கள் பேசுகிற தமிழைக் கொச்சை நீக்கி எழுத வேண்டும் என்பதைச் செய்தியாளர்களுக்குக் கையேடாகவே அவர் எழுதிவைத்தார்.

இன்றோ 'விசாரித்தனர்' என்று முடிக்க வேண்டிய இடத்தில் 'விசாரணை மேற்கொண்டனர்' என்கிறோம். 'நாளை தண்ணீர் வராது' என்பது 'குடிநீர் விநியோகம் நிறுத்தம் செய்யப்படுகிறது' என்று ஆகிவிடுகிறது. இந்தச் 'செய்யப்படுகிறது' மேல் எனக்குத் தனிக் கோபம் உண்டு. நீளம்கூடப் பரவாயில்லை, செய்கிறவர் யார் என்பதையே அது மறைத்துவிடுகிறது. சாலை தோண்டப்பட்டது என்றால், தோண்டியது யார்?

எழுதியதை நான் ஒருமுறை வாய்விட்டுப் படிப்பேன். மூச்சு முட்டுகிற இடத்தில் வாக்கியத்தை முறிப்பேன். இந்தப் பழக்கம் என் அத்தையால் வந்தது. ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். ரேஷன் கடையில் ஒட்டியிருந்த அறிவிப்பை இரண்டு தடவை படித்துவிட்டு, "ஒண்ணும் விளங்கலப்பா, நீ பாத்துச் சொல்லு" என்றார். ஆறு வரி. அதில் இருந்த சேதி ஒன்றே ஒன்று: இந்த மாதம் பருப்பு 10-ஆம் தேதிக்குமேல்தான் கிடைக்கும்.