கார் ஆயிலை வீட்டிலேயே மாத்தலாமா? மாத்தலாம்... ஆனா அந்தப் பழைய ஆயில் எங்கே போகும்?

யூடியூப்ல பார்த்தா பத்து நிமிஷ வேலை. ஒரு நட்டைக் கழற்று, பழைய ஆயில் வடியட்டும், ஃபில்டரை மாற்று, புது ஆயிலை ஊற்று, அவ்வளவுதான். சென்னையிலோ கோவையிலோ வேலை பார்த்துக்கொண்டு, லீவுக்கு வாசுதேவநல்லூர் வந்து, வீட்டுக் காம்பவுண்டுக்குள் காரை நிறுத்தியிருக்கும் ஒருவருக்கு ‘நாமளே மாத்திட்டா என்ன?’ என்று தோன்றுவது இயல்புதான்.

தாராளமாக மாற்றலாம். ஆனால், அந்த வீடியோக்கள் இரண்டு விஷயங்களை வேகமாகக் கடந்துவிடுகின்றன. ஒன்று, காருக்கு அடியில் படுக்கும் உங்கள் உயிர். இன்னொன்று, வேலை முடிந்த பிறகு கையில் மிஞ்சும் மூன்று லிட்டர் கறுப்பு ஆயில்.

முதலில், உங்கள் கார் இதற்குத் தோதானதா?

வாரண்டி காலத்தில் இருக்கும் கார் என்றால் கை வைக்காதீர்கள். குறித்த நேரத்தில், அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் சர்வீஸ் செய்திருக்க வேண்டும் என்பது பெரும்பாலான நிறுவனங்களின் நிபந்தனை. பின்னால் இன்ஜினில் பிரச்னை வந்தால், முதலில் கேட்பது சர்வீஸ் பில்லைத்தான்.

வாரண்டி முடிந்துவிட்டது என்றால் காரோடு வந்த கையேட்டைத் திறங்கள். எந்த ஆயில், எத்தனை லிட்டர், எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை என்று அதில் இருக்கும். பல பெட்ரோல் கார்களுக்கு 10,000 கி.மீ. அல்லது ஓர் ஆண்டு, இதில் எது முதலில் வருகிறதோ அதுதான் கணக்கு. ‘வண்டி ஷெட்லயே நிக்குது, ஓடவே இல்லை’ என்றாலும் ஆண்டுக்கு ஒருமுறை மாற்றத்தான் வேண்டும்.

5டபிள்யூ-30 என்றால் என்ன?

‘டபிள்யூ’ என்பது ஆங்கிலத்தில் குளிர்காலத்தைக் குறிக்கும் எழுத்து. அதற்கு முன்னால் இருக்கும் எண், குளிரில் ஆயில் எவ்வளவு இளகி ஓடும் என்பதைச் சொல்கிறது. பின்னால் இருக்கும் எண், இன்ஜின் சூடான பிறகு அதன் அடர்த்தியைச் சொல்கிறது. ‘நம்ம ஊர் வெயிலுக்குக் கெட்டியான ஆயில்தான் நல்லது’ என்று கடைக்காரர் சொல்வதைக் கேட்டு மாற்றாதீர்கள். இன்றைய இன்ஜின்களின் இடைவெளிகள் மிக நுண்ணியவை. கையேடு சொல்லும் எண்தான் சரி. ‘ஃபில்டர்’ பொருத்தப்பட்ட புகைபோக்கியோடு வரும் பி.எஸ்.6 டீசல் கார்களுக்குச் சாம்பல் குறைவான தனி வகை ஆயில் தேவை. அதை மாற்றி ஊற்றினால் அந்த ஃபில்டர் சீக்கிரமே அடைத்துக்கொள்ளும்.

ஆபத்து எங்கே இருக்கிறது?

இன்ஜினில் இல்லை, ஜாக்கியில் இருக்கிறது. காரோடு டிக்கியில் வரும் ஜாக்கி டயர் மாற்றுவதற்கு மட்டுமே. அதன் மேல் காரை நிறுத்திவிட்டு அடியில் படுப்பது தற்கொலைக்குச் சமம். கொஞ்சம் சரிந்தாலும் முழு எடையும் உங்கள் மார்பில்தான் இறங்கும்.

காரைத் தூக்குவதற்குத்தான் ஜாக்கி. தாங்குவதற்கு இரண்டு ஜாக் ஸ்டாண்டுகள் வேண்டும். அவை இல்லையென்றால் அன்றைக்கு வேலையும் இல்லை. செங்கல்லை அடுக்கி வைப்பது, ஹாலோ பிளாக்கை முட்டுக் கொடுப்பது எல்லாம் நம்ம ஊரில் சர்வ சாதாரணம். ஆனால் ஹாலோ பிளாக் உடையும்போது முன்கூட்டியே சொல்லிவிட்டு உடையாது, ஒரே நொடியில் நொறுங்கிவிடும்.

மண் தரை வேண்டாம், சரிவான முற்றமும் வேண்டாம். சமமான சிமென்ட் தளம் வேண்டும. முதல் கியரில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். கையேடு காட்டும் இடத்தில் மட்டுமே ஸ்டாண்டை நிறுத்துங்கள். அடியில் போகும் முன் காரைக் கையால் நன்றாக அசைத்துப் பாருங்கள். பக்கத்தில் இன்னொரு ஆள் இருக்கட்டும்.

சரி, எப்படி மாற்றுவது?

1. இன்ஜினை ஐந்து நிமிடம் ஓடவிட்டு அணையுங்கள். ஆயில் வெதுவெதுப்பாக இருந்தால் நன்றாக வடியும். நெடுந்தூரம் ஓட்டி வந்த உடனே திறந்தால் கை வெந்துவிடும். மூடிய ஷெட்டுக்குள் இன்ஜினை ஓடவிடவே கூடாது, புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு வாசனையே இல்லாமல் ஆளைக் கொல்லும்.

2. மேலே ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து வையுங்கள். கீழே ஐந்து லிட்டராவது பிடிக்கும் தட்டை வையுங்கள்.

3. வடிகால் போல்ட்டைக் கண்டுபிடியுங்கள். இங்கேதான் பலர் ஏமாறுவார்கள். பக்கத்திலேயே கியர்பாக்ஸ் போல்ட்டும் இருக்கும். அதைத் திறந்து கியர் ஆயிலை வடித்துவிட்டு, இன்ஜினில் ஏற்கெனவே இருக்கும் ஆயிலோடு புதிய ஆயிலையும் சேர்த்து ஊற்றினால் இரண்டுமே கெடும். சந்தேகம் இருந்தால் திறக்காதீர்கள்.

4. வடிந்ததும் போல்ட்டுக்குப் புது வாஷர் போட்டு மாட்டுங்கள். பலம் கொண்ட மட்டும் முறுக்கினால் மரை போய்விடும்.

5. பழைய ஃபில்டரைக் கழற்றும்போது அதன் ரப்பர் வளையமும் கூடவே வந்துவிட்டதா என்று பாருங்கள். அது இன்ஜினிலேயே ஒட்டியிருந்து, அதன் மேல் புதிய ஃபில்டரை மாட்டினால் மொத்த ஆயிலும் வெளியே பீய்ச்சிவிடும். புதிய ஃபில்டரின் வளையத்தில் சொட்டுப் புது ஆயில் தடவி, கையால் மட்டும் இறுக்குங்கள்.

6. சிறிய பெட்ரோல் கார்களுக்கு ஏறத்தாழ மூன்று முதல் மூன்றரை லிட்டர் பிடிக்கும். மொத்தத்தையும் ஒரே மூச்சில் ஊற்றாமல், கொஞ்சம் குறைத்து ஊற்றுங்கள். ஒரு நிமிடம் இன்ஜினை ஓடவிட்டு, கசிவு இருக்கிறதா என்று பார்த்து அணையுங்கள். காரைத் தரையில் இறக்கி, பத்து நிமிடம் கழித்து ஆயில் கம்பியைத் துடைத்து அளந்து பாருங்கள். இரண்டு கோடுகளுக்கு நடுவில் இருக்க வேண்டும். ‘கொஞ்சம் கூட இருந்தா நல்லதுதானே’ என்பது தப்பு. அளவு கூடினால் ஆயில் நுரைத்து, இன்ஜினுக்குப் போக வேண்டிய அழுத்தம் குறையும்.

கையுறை கட்டாயம். பழைய இன்ஜின் ஆயிலில் எரிபொருள் எரிந்த மிச்சமும் தேய்ந்த உலோகத் துகள்களும் கலந்திருக்கும். அது தோலில் மீண்டும் மீண்டும் பட்டுக்கொண்டே இருந்தால் தோல் புற்றுநோய் வரலாம் என்பதால்தான் ஆயில் டப்பாவிலேயே எச்சரிக்கை அச்சிடுகிறார்கள்.

இப்போது அந்த மூன்று லிட்டர்...

சாக்கடையில் கொட்டுவது ஒன்று. வேலி ஓரத்தில் ஊற்றுவது இன்னொன்று. கரையானுக்காக மரத்தில் பூசுவது, கொசுவுக்காகத் தேங்கிய நீரில் விடுவது, சென்ட்ரிங் பலகைக்குத் தடவுவது என்று நம்ம ஊரில் பழைய ஆயிலுக்கு ஆயிரம் ‘பயன்’ உண்டு. எல்லாமே கடைசியில் மண்ணுக்கும் தண்ணீருக்கும்தான் போய்ச் சேருகின்றன.

ஒருமுறை மாற்றும் ஆயில், பத்து லட்சம் கேலன் நன்னீரைக் கெடுக்கப் போதும் என்கிறது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை. நம் கணக்கில் ஏறத்தாழ 38 லட்சம் லிட்டர். மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில், மலையிலிருந்து இறங்கும் தண்ணீரையும் குளங்களையும் கிணறுகளையும் நம்பி நெல்லும் எலுமிச்சையும் விளைகிற பகுதி இது. கொல்லம் – திருமங்கலம் தேசிய நெடுஞ்சாலை ஊருக்குள்ளேயே போகிறது. வண்டிகளுக்குக் குறைவில்லை. இங்கே சாக்கடையில் விட்டது எங்கேயோ போய்விடாது, அடுத்த மழையில் நம் குளத்துக்கே வரும்.

இத்தனைக்கும் ஆயில் தேய்ந்து தீர்ந்து போவதில்லை, அழுக்குதான் ஆகிறது. சுத்திகரித்தால் மறுபடியும் ஆயிலாகவே பயன்படும். அதற்கு நீங்கள் செய்ய வேண்டியது கொஞ்சம்தான்: வடித்த ஆயிலைப் புது ஆயில் வந்த கேனிலேயே ஊற்றி இறுக மூடுங்கள். பெட்ரோல், கூலண்ட், தண்ணீர் எதையும் கலக்காதீர்கள், கலந்துவிட்டால் மறுசுழற்சிக்கு ஆகாது. ஃபில்டரைக் கவிழ்த்து வைத்து, ஒரு நாள் முழுக்க வடியவிடுங்கள். தரையில் சிந்தியதைத் தண்ணீர் அடித்துக் கழுவாமல், மரத்தூள் போட்டு அள்ளுங்கள். பிறகு, பழைய ஆயிலை டிரம்மில் சேர்த்து அனுமதி பெற்ற மறுசுழற்சியாளருக்குக் கொடுக்கும் ஒர்க்‌ஷாப்பில் ஒப்படையுங்கள். ‘அண்ணாச்சி, இதை யாருக்குக் கொடுக்கீங்க?’ என்று கேட்பதில் தவறே இல்லை. மிஞ்சும் காலி கேன்களை ஓட்டை போட்டுவிட்டுக் கொடுங்கள், போலி ஆயில் அடைப்பவர்கள் கைக்குப் போகாது.

இது உங்கள் பொறுப்பு மட்டும்தானா?

இல்லை. அபாயகரக் கழிவு விதிகளில் 2023-ல் ஒன்றிய அரசு ஒரு திருத்தம் கொண்டுவந்தது. அதன்படி 2024 ஏப்ரல் 1 முதல், ஆயில் தயாரிப்பவர்களும் இறக்குமதி செய்பவர்களும் பழைய ஆயிலின் மறுசுழற்சிக்குப் பொறுப்பேற்க வேண்டும். இலக்கு 5 சதவீதத்தில் தொடங்கி, படிப்படியாக 50 சதவீதம் வரை போகிறது. நல்ல விதிதான். ஆனால் பெரிய ஊர்களின் சர்வீஸ் சென்டர்களில் சேர்வதை வைத்தே அந்த இலக்கு காகிதத்தில் நிறைவேறிவிடலாம். வாசுதேவநல்லூரில் ஆயில் விற்கும் கடையில், பழையதை வாங்கிக்கொள்ள ஒரு டிரம் இருக்கிறதா என்பதல்லவா கேள்வி?

2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளும் வீடுகளில் சேரும் அபாயகரக் கழிவைப் பெற உள்ளாட்சிகள் மையம் அமைக்க வேண்டும் என்றன. பெயிண்ட் டப்பா, பூச்சிமருந்து கேன், பழைய பேட்டரி எல்லாம் அந்தக் கணக்கில் வந்தன. பேரூராட்சியின் குப்பை தரம் பிரிக்கும் இடத்தில், மூடி போட்ட ஒரு டிரம்மை ஆயிலுக்கென்று வைக்கப் பெரிய நிதி எதுவும் வேண்டாம். ஏற்கெனவே அப்படி ஓர் ஏற்பாடு இருந்தால், ஊருக்குத் தெரியும்படி ஒரு போர்டு வையுங்கள். இல்லையென்றால் டிரம்மையே வையுங்கள். சட்டம் இருந்தும், கொண்டுபோய்க் கொடுக்க இடம் இல்லையென்றால் மக்களுக்குத் தெரிந்த ஒரே வழி சாக்கடைதான்.

அப்போ செய்யலாமா, வேண்டாமா?

காசு மிச்சம் பிடிக்கத்தான் என்றால் வேண்டாம். நல்ல ஜாக்கி, ஸ்டாண்டு, ஸ்பேனர் எல்லாம் வாங்கும் செலவை மீட்கவே பல ஆண்டுகள் ஆகும். நம் வண்டிக்குள் என்ன ஊற்றப்படுகிறது என்று தெரிந்துகொள்ளத்தான் என்றால், அதற்கு நம் ஊர்களில் பழைய வழி ஒன்று இருக்கிறது. ஆயிலையும் ஃபில்டரையும் நீங்களே பில்லோடு வாங்கி, பள்ளமோ லிஃப்டோ இருக்கும் ஒர்க்‌ஷாப்பில் கொடுத்து, பக்கத்தில் நின்று மாற்றச் சொல்லுங்கள். உயிருக்கும் பயமில்லை, ஆயிலும் டிரம்முக்குப் போய்விடும்.

இல்லை, நானே செய்துதான் பார்ப்பேன் என்கிறீர்களா? நல்லது. போல்ட்டைத் திறக்கும் முன் இரண்டு கேள்விகளுக்குப் பதில் வைத்திருங்கள். கார் எதன் மேல் நிற்கிறது? பழைய ஆயில் யாரிடம் போகிறது? இரண்டில் ஒன்றுக்குப் பதில் இல்லையென்றாலும், ஸ்பேனரைக் கீழே வைத்துவிடுங்கள்.