அக்கியை எழுதுவதா, படிப்பதா?

இடுப்பிலோ முதுகிலோ ஒரு பக்கமாகக் கொப்புளம் கிளம்பி நெருப்பாய் எரிந்தால், "அக்கி" என்று நம் பெரியவர்கள் உடனே சொல்லிவிடுவார்கள். அடுத்து, குயவர் வீட்டுக்குப் போவார்கள். அவர் காவிமண்ணைக் குழைத்துக் கொப்புளத்தின்மேல் எழுதி அனுப்புவார். இதற்கு அக்கி எழுதுதல் என்று பெயர். அதைக் கேலி செய்ய நாங்கள் வரவில்லை. காவி குளிர்ச்சிதான். ஆனால் நாட்கள் போய்விடுகின்றனவே, அதுதான் எங்கள் கவலை.

அக்கி வெளியிலிருந்து புதிதாக வருவதன்று. சிறுவயதில் சின்னம்மை போட்டதே, அதே வைரஸ்தான். ஹெர்ப்பிஸ் குடும்பத்தைச் சேர்ந்த அது, அம்மை இறங்கிய பின்னும் நரம்பு முடிச்சுகளில் ஐம்பது அறுபது ஆண்டுகள்கூட ஒளிந்திருக்கும். முதுமையில் உடல் தளரும்போது அந்த நரம்பின் வழியே வெளியே வரும். ஒரு பக்கம் மட்டும் கொப்புளிப்பதன் காரணம் இதுவே.

வைரஸுக்கு உள்ளேயும் எழுத்து உண்டு. நான்கே எழுத்துகளால் ஆன டி.என்.ஏ. 1986இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் டேவிசன், ஸ்காட் என்னும் இருவர் அதை முழுவதும் படித்து வெளியிட்டனர். 1,24,884 எழுத்துகள்; ஜீன்கள் சுமார் 70. மனிதனுடைய 300 கோடி எழுத்துகளுக்கு முன் இது ஒரு துண்டுச்சீட்டு. ஆயினும் எழுத்துக்கூட்டுவது வேறு, பொருள் அறிவது வேறு. லத்தீன் பாடல்களைப் பொருள் தெரியாமலே பாடுகிற எங்களுக்கு இது தெரியாதா?

36ஆம் ஜீனைப் பாருங்கள். அது தைமிடின் கைனேஸ் என்னும் நொதியைச் செய்கிறது. வைரஸ் தன் டி.என்.ஏ.வைப் பெருக்குவதற்கான மூலப்பொருளை ஆயத்தம் செய்வது இந்நொதியின் வேலை. அசைக்ளோவிர் மருந்தைக் கொடுத்தால், அதையும் தன் மூலப்பொருள் என்றே ஏமாந்து, முதல் பாஸ்பேட்டைச் சேர்த்துவிடுகிறது. மீதியை நம் செல்லின் நொதிகள் சேர்க்க, மருந்து வைரஸின் டி.என்.ஏ. சங்கிலியில் புகுந்து வளர்ச்சியை நிறுத்துகிறது. வைரஸ் இல்லாத செல்லில் அது பெரும்பாலும் சும்மா கிடக்கும். திருடன் தன் கையாலேயே விலங்கு பூட்டிக்கொள்கிற கதைதான்! இந்த ஜீன் பழுதான வைரஸிடம் மருந்து பலிப்பதில்லை. இம்மருந்து வேலை செய்யும் விதத்தை ஆராய்ந்தவர்களுள் முதன்மையானவர் கெர்ட்ரூட் எலியன் அம்மையார். பெண் என்பதற்காக இளமையில் ஆய்வுக்கூட வேலை மறுக்கப்பட்டவர், 1988இல் நோபல் பரிசு பெற்றார்.

ஆனால் கொப்புளம் தோன்றி 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் மருந்து நன்கு உதவும். எங்களில் ஒருத்தியின் பாட்டி மூன்று முறை எழுதிக்கொண்டு, ஆறாம் நாள்தான் மருத்துவரிடம் போனார். கொப்புளம் ஆறி மாதங்கள் ஆகியும், முந்தானை உரசினால் துடிக்கிறார். அக்கி கண்ணருகே வந்தாலோ பார்வைக்கே ஆபத்து.

பெற்றோரே, பாட்டியிடம் "காவி வேண்டாம்" என்று சொல்லும் துணிவு எங்களுக்கு இல்லை. முதல் நாளே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள் என்றுதான் கேட்கிறோம். காவி பூசலாமா என்பதையும் அவரிடமே கேட்டுக்கொள்ளலாம்.