ஓட்டு விலைக்கு வரலாமா?

சில்லறை வணிகர்கள் ஒன்றுசேர்ந்து கூட்டாகக் கொள்முதல் செய்தால்தான் பெரிய நிறுவனங்களின் போட்டியைத் தாங்க முடியும் என்று நாம் தொடர்ந்து வலியுறுத்தி வருகிறோம். அப்படிச் சேரும்போது யாருக்கு எத்தனை பங்கு, யாருக்கு எத்தனை ஓட்டு என்பதை முதல் நாளே தீர்மானித்துவிட வேண்டும். இல்லையேல் கூட்டு நிலைக்காது.

இதே கேள்விக்குக் கணினி உலகத்தார் 'டோக்கன்' வழியாக விடை தேடுகிறார்கள். இது ரேஷன் கடை டோக்கன் அல்ல. முதலாளி என்று ஒருவர் இல்லாமல் உறுப்பினர்களே நடத்தும் அமைப்பில், கணினிப் பேரேட்டில் வரவு வைக்கப்படும் ஓட்டுரிமை. இதைச் சந்தையில் வாங்கலாம், விற்கலாம்.

'யூனிஸ்வாப்' என்னும் கிரிப்டோ நாணயச் சந்தை 2020 செப்டம்பரில் 100 கோடி டோக்கன்களை அறிவித்தது. அதில் 60 விழுக்காடு பயன்படுத்துவோர் சமூகத்துக்கு. அம்மாதத் தொடக்கத்துக்கு முன் ஒருமுறையேனும் அச்சந்தைக்கு வந்த ஒவ்வொரு கணக்குக்கும் 400 டோக்கன் இலவசம். பழைய வாடிக்கையாளரை மதித்த இந்த ஏற்பாடு பாராட்டத்தக்கதே. ஆனால் ஆளைப் பார்க்காமல் கணக்கைப் பார்த்துக் கொடுத்ததால், பத்துக் கணக்கு வைத்திருந்தவருக்கு 4,000 கிடைத்தது. டோக்கனை விற்றவர் ஓட்டையும் சேர்த்தே விற்றார். வாங்கிக் குவித்தவர் கை ஓங்கியது.

இதைவிடப் பெரிய ஆபத்தை 2022 ஏப்ரலில் 'பீன்ஸ்டாக்' என்னும் அமைப்பு சந்தித்தது. ஒருவர் பெருந்தொகையைக் கைமாற்றுக் கடனாக எடுத்து, மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஓட்டுப் பெற்று, தன் தீர்மானத்தைத் தானே நிறைவேற்றிக் கஜானாவைக் காலி செய்தார். கடன் வாங்கியதும் திருப்பிக் கட்டியதும் ஒரே பரிவர்த்தனையில் முடிந்தன. அமைப்புக்கு நட்டம் சுமார் 18 கோடி டாலர்!

மளிகைக் கடைக்காரர் அறிய வேண்டிய பழைய வழி ஒன்று உண்டு. இங்கிலாந்தில் ராச்டேல் நகரில் 1844இல் 28 உறுப்பினர்கள் ஆளுக்கு ஒரு பவுன் போட்டு மாவு, வெண்ணெய், சர்க்கரை விற்கும் கூட்டுறவுக் கடை திறந்தார்கள். முதலுக்கு அளவான வட்டி கொடுத்தார்கள். இலாபத்தை அவரவர் வாங்கிய சரக்கின் அளவுக்குப் பிரித்தார்கள். ஓட்டு மட்டும் ஆளுக்கு ஒன்று. உலகக் கூட்டுறவு இயக்கத்துக்கே அது முன்மாதிரியாயிற்று.

நமது கூட்டுக் கொள்முதலுக்கும் இதுவே அடிப்படையாக இருக்க வேண்டும் என்பது நம் கருத்து. அதிக முதல் போடும் மொத்த வணிகருக்கு நியாயமான வட்டி கிடைக்கட்டும். அதிகச் சரக்கு எடுப்பவருக்கு அதிகத் தள்ளுபடி கிடைக்கட்டும். ஓட்டு மட்டும் உறுப்பினருக்கு ஒன்றே. ஒருவர் மூன்று பெயரில் மூன்று கடை வைத்திருந்தாலும் ஓட்டு ஒன்றுதான். அதை மாற்றவோ விற்கவோ கூடாது. புதிதாகச் சேருபவர் சில மாதங்கள் வரவு செலவு வைத்த பின்னரே ஓட்டளிக்கட்டும்.

பெட்டிக்கடைக்காரரின் கையும் பொதுக்குழுவில் மற்றவர் கைக்குச் சமமாக எண்ணப்பட்டால்தான், அவர் தம் சேமிப்பை நம்பிக் கொண்டுவந்து கொடுப்பார். பணம் கேட்பதற்கு முன் விதியை எழுதுவோம்.