மாவு கொள்ளுமளவு

கிரேக்க நாட்டுத் தாய்மார்களின் பழைய சமையற் குறிப்பேடுகளில் ஒரு விந்தையைக் காணலாம். கிறிஸ்துமஸுக்கு அவர்கள் சுடும் 'மெலோமகரோனா' என்னும் தேன் பலகாரத்துக்கு ஆலிவ் எண்ணெய், ஆரஞ்சுச் சாறு, பட்டை, கிராம்பு யாவற்றுக்கும் அளவிருக்கும். (பண்டிகைக்கு முன் அவர்களுக்கு நோன்புக்காலம், ஆகையால் வெண்ணெயும் முட்டையும் சேர்ப்பதில்லை.) மாவுக்கு மட்டும் 'கொள்ளுமளவு' என்றே எழுதியிருப்பார்கள்! எவ்வளவு கொள்ளும் என்பதைப் பிசையும் கைதான் அறியும். அளவுக்குமேல் பிசைந்தாலோ எண்ணெய் பிரிந்து மாவு இறுகிவிடும்.

தாய் மறைந்தபின் அந்த ஏட்டைப் பார்த்து மகள் சுடுகிறாள். பாகில் தோய்த்து அக்ரூட் தூவியதும் வீடெங்கும் பழைய மணம் எழுகிறது. வாயிலிட்டால் அது அன்னையின் பலகாரம் அன்று. கேட்டுத் தெளியவோ ஆளில்லை.

உங்கள் உம்மாவின் பெருநாள் பலகாரத்துக்கு மாவு எத்தனை ஆழாக்கு? கேட்டு வைத்திருக்கிறீர்களா?